தீர்ப்பு ஏடுகள்: அன்றும் இன்றும்



முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்று, பிறர் எழுதிய விடைத்தாள்களில் பிழை திருத்தியவன் நான். இன்று என்னுடைய பிழையொன்றை உங்கள் முன் வைத்து இப்பேச்சைத் தொடங்குகிறேன். பிறர் பிழையைக் காட்டிலும் தன் பிழையே ஆசிரியனுக்கு நல்ல பாடப் பொருளாகும்.

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னே இருப்பது கும்மிடிப்பூண்டி. ஒருபுறம் நெல்வயல்களும் ஏரிகளும் உண்டு. மறுபுறம் சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் தெரியும். காலைச் சங்கு ஊதும்போது சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் ஆலை வாயிலை நோக்கி விரைகின்ற இளைஞர்களிற் பலர் என்னிடம் படித்தவர்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்கால மாலையில், அவர்களுள் ஒருவர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். ஓர் ஆலையில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்து வந்தவர். ஆனால் அவர் பெயர் ஆலையின் பதிவேட்டில் இல்லை. ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில்தான் இருந்தது. ஒப்பந்தம் முடிந்தது, அடுத்த மாதம் முதல் வேலை இல்லை என்று அவரிடமும் உடன் உழைத்த பதினொருவரிடமும் சொல்லிவிட்டார்கள். கணக்குத் தீர்த்துக்கொள்ள ஒரு தொகையும் தருவதாகச் சொன்னார்கள். “கையெழுத்துப் போடலாமா, ஐயா?” என்று கேட்டார்.

என் பேரனுடைய மடிக்கணினியை எடுத்தேன். தீர்ப்புகளைத் திரட்டி வைத்திருக்கும் இணையத்தளம் ஒன்றில் ‘ஒப்பந்தத் தொழிலாளர்’ என்பதற்குரிய ஆங்கிலச் சொற்களை இட்டேன். அரை மணி நேரத்தில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்று கண்ணிற் பட்டது. ஏர் இந்தியா நிறுவனத்துக்கும் ஒரு தொழிற்சங்கத்துக்கும் இடையே நடந்து, 1996-ஆம் ஆண்டில் முடிவான வழக்கு அது. ஒப்பந்தத் தொழிலாளர் முறை ஒழிக்கப்பட்ட வேலைகளில், அத்தொழிலாளர்கள் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் ஊழியர்களாகிவிடுவார்கள் என்று அதிற் கூறியிருந்தது. எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்ல இயலாது. “தம்பி, நீ நிரந்தரத் தொழிலாளி என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கையெழுத்துப் போடாதே,” என்றேன். அச்செடுத்த தாள்களைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மழையிலே நடந்து போனார் அவர்.

நான் சொன்னது தவறு. எவ்வாறு தவறு என்பதை விளக்குவதற்கு முன், அத்தீர்ப்பு என் திண்ணைக்கு எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அந்த அரை மணி நேரத்திற்குப் பின்னே இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

ஒரே வகையான வழக்குக்கு ஒரே வகையான முடிவு கிடைக்க வேண்டும் என்பது நீதியின் முதற்பாடம். நேற்று ஒருவனுக்கு ஒரு நீதி, இன்று மற்றொருவனுக்கு வேறொரு நீதி என்றால் மக்கள் நீதிமன்றத்தை நம்புவது எங்ஙனம்? ஆகையால், முன்னர் ஒரு நீதிமன்றம் கூறிய முடிவைப் பின்னர் வரும் வழக்குக்கு வழிகாட்டியாகக் கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது. அதனையே முன்தீர்ப்பு என்கிறோம். நம் அரசியலமைப்பின் 141-ஆம் பிரிவு, உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் நாட்டின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று கூறுகிறது. ஆனால், முன்தீர்ப்பைப் பின்பற்ற வேண்டுமானால், முதலில் அது இன்னதென்று தெரிய வேண்டும். தெரிய வேண்டுமானால், யாரேனும் எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதியது கைக்கு எட்ட வேண்டும்.

இங்கிலாந்தில் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வழக்குகளைக் குறித்து வைக்கும் ‘ஆண்டேடுகள்’ தோன்றிவிட்டன. சென்னையில் 1798-ஆம் ஆண்டில் ரெக்கார்டர் நீதிமன்றம் ஏற்பட்டது. 1801-இல் அதன் இடத்தில் சுப்ரீம் கோர்ட்டு என்னும் பெயருடைய நீதிமன்றம் அமைந்தது. இரண்டிலும் தலைமை வகித்தவர் சர் தாமஸ் ஸ்ட்ரேஞ்ஜ். தாம் கேட்ட வழக்குகளின் குறிப்புகளை அவர் தொகுத்து நூலாக்கினார். சென்னை மாகாணத்தின் தொடக்ககாலத் தீர்ப்பு ஏடுகளுள் அது ஒன்று. நீதிபதியே தம் தீர்ப்புகளுக்கு எழுத்தராகவும் அமைந்த காலம் அது.

1862-ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் தோன்றியது. அதன் தீர்ப்புகளைத் தாங்கிய ஏடுகள் அச்சேறலாயின. வழக்குகள் பெருகப் பெருக ஏடுகளும் பெருகின. எந்த ஏட்டை நம்புவது என்ற கேள்வி எழுந்தது. இங்கிலாந்தில் 1865-இல் இதற்கெனவே வழக்கறிஞர்கள் சேர்ந்து ஒரு மன்றம் நிறுவினர். இந்தியாவில் அரசு 1875-இல் இந்தியத் தீர்ப்பு ஏடுகள் சட்டத்தை இயற்றியது. அதற்கடுத்த ஆண்டு முதல் கல்கத்தா, சென்னை, பம்பாய், அலகாபாத் ஆகிய நான்கு உயர் நீதிமன்றங்களுக்கும் அதிகாரபூர்வமான வரிசைகள் வெளிவந்தன.

அரசின் ஏடுகள் மெல்ல வந்தன, வழக்கறிஞர்களுக்கோ அவசரம். ஆதலால் தனியார் ஏடுகளும் எழுந்தன. மயிலாப்பூர் வழக்கறிஞர்களின் முயற்சியால் 1891-இல் பிறந்தது ‘மெட்ராஸ் லா ஜர்னல்’. வி. கிருஷ்ணசுவாமி ஐயர், பி. எஸ். சிவசாமி ஐயர் போன்றோர் அதனை வளர்த்தவர்கள். நாகபுரியிலிருந்து வெளிவந்த ‘ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்’ 1914-ஆம் ஆண்டு முதலான தீர்ப்புகளை நாடு முழுவதற்கும் ஒரே வரிசையிலே தந்தது. குடியரசான பின் 1950 முதல் உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வமான வரிசையும், 1969 முதல் லக்னோவிலிருந்து ‘சுப்ரீம் கோர்ட் கேசஸ்’ என்னும் வரிசையும் வெளிவந்தன.

இவ்வேடுகளைத் திறந்து பார்த்தவர்கள் ஒரு விந்தையான முகவரியைக் கண்டிருப்பார்கள். ‘(2001) 7 எஸ்.சி.சி. 1’ என்று இருக்கும். 2001-ஆம் ஆண்டின் ஏழாம் தொகுதி, முதற்பக்கம் என்பது அதன் பொருள். ஊர், தெரு, கதவு எண் போல ஆண்டு, தொகுதி, பக்கம். இம்முகவரியை வைத்துக்கொண்டு நாட்டின் எந்த நூலகத்திலும் அத்தீர்ப்பைக் கண்டெடுக்கலாம்.

முகவரி தெரியாதவன் என் செய்வான்? அவனுக்காகப் பொருளகராதிகள் இருந்தன. வாடகை, வாரிசு, ஒப்பந்தம், கூலி என்று பொருள்வாரியாகத் தீர்ப்புகளின் சுருக்கத்தை அடுக்கித் தந்த பெருந்தொகுதிகள் அவை. அவற்றோடு மற்றொரு பட்டியலும் இருந்தது. எந்தத் தீர்ப்பு பின்னர் உறுதி செய்யப்பட்டது, எது மாறுபட்டதெனப் பிரித்துக் காட்டப்பட்டது, எது செல்லாதென நீக்கப்பட்டது என்பதைக் கூறும் பட்டியல் அது. அக்கால வழக்கறிஞர்கள் அதைப் பார்த்துத் தம் பழைய தொகுதிகளின் பக்க ஓரத்தில் மையால் குறித்து வைப்பதுண்டு. ‘இது இனிச் செல்லாது, இன்ன தொகுதியில் இன்ன பக்கம் காண்க’ என்று இருக்கும். ஆண்டுக்கணக்கில் சேர்ந்த இந்தக் குறிப்புகளே ஒரு வழக்கறிஞரின் நூலகத்துக்கு உயிர். இந்த ஓரக் குறிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் பிழை அதிலேதான் இருக்கிறது.

இனி மின்னணுக் காலத்துக்கு வருவோம். ஏடுகள் அலமாரிகளை நிரப்பின. விலையோ சாதாரண மனிதனால் எட்ட முடியாதது. தீர்ப்புகள் கணினியில் ஏறத் தொடங்கியதும் ஒரு கேள்வி எழுந்தது. தீர்ப்பின் வாசகம் யாருடைய சொத்து? அச்சிடுபவருடையதா, நாட்டுடையதா? ஈஸ்டர்ன் புக் கம்பெனிக்கும் டி. பி. மோடக் என்பவருக்கும் இடையே நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2007-ஆம் ஆண்டு டிசம்பரில் இதற்கு விடை கூறியது. நீதிபதி எழுதிய வாசகத்தை யாரும் வெளியிடலாம். பதிப்பாசிரியர் தம் அறிவால் சேர்த்த தலைக்குறிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அவருக்கு உரிமை உண்டு. இவ்விடை வந்த சில வாரங்களிலேயே, 2008-இன் தொடக்கத்தில், சுஷாந்த் சின்ஹா என்னும் கணினிப் பொறியாளர் ‘இந்தியன் கானூன்’ என்ற தளத்தைத் தொடங்கினார். தீர்ப்புகளையும் சட்டங்களையும் எவரும் கட்டணமின்றித் தேடிப் படிக்க அது வழி செய்தது. 2023 ஜனவரி 2-இல் உச்ச நீதிமன்றமே ஏறத்தாழ 34,000 தீர்ப்புகளைக் கட்டணமின்றித் தேடிப் படிக்கும் மின்னணு வரிசையைத் திறந்தது. அதே ஆண்டில், எந்தப் பதிப்பகத்தையும் சாராத பொது முகவரியும் தீர்ப்புகளுக்கு வழங்கப்பட்டது. தீர்ப்புகள் பல தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டு வருகின்றன. எனினும் வழக்காடுதற்கு ஆங்கில மூலமே சான்றாகும்.

மயிலாப்பூர் வழக்கறிஞரின் அலமாரியில் இருந்தது கும்மிடிப்பூண்டித் தொழிலாளியின் சட்டைப்பைக்கு வந்துவிட்டது. இதனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அறிவுக்கு இட்ட வேலி அகன்றது பெரும்பேறு. ஆனால், ஏடு வந்த வேகத்தில் ஏட்டின் ஓரக் குறிப்பு உடன் வரவில்லை.

என் மாணவர் அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு பொன்னேரியில் தொழில் செய்யும் ஒரு வழக்கறிஞரிடம் சென்றார். அந்த அம்மையாரும் என்னிடம் படித்தவரே. மறுநாள் அவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, தவறாக நினைக்கக் கூடாது. தீர்ப்பின் தேதியைப் பார்த்தீர்களா?” என்றார். “பார்த்தேன் அம்மா, 1996,” என்றேன். “அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்த்தீர்களா?” என்றார். நான் பேசவில்லை.

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள், இந்திய உருக்கு ஆணையத்தின் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு அந்த 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு செல்லாதென்று கூறிவிட்டது. ஒப்பந்த முறை தடை செய்யப்பட்டதனாலேயே தொழிலாளர்கள் தாமாக நிறுவனத்தின் ஊழியர்களாகிவிட மாட்டார்கள் என்பது அதன் முடிவு. சற்று முன் முகவரிக்கு எடுத்துக்காட்டாகக் கூறினேனே, ‘(2001) 7 எஸ்.சி.சி. 1’ என்று, அது இத்தீர்ப்பின் முகவரிதான். நான் படித்துக் களித்தது இருபது ஆண்டுகளுக்கு முன்பே உயிர் நீங்கிய தீர்ப்பு.

அம்மையார் மேலும் இரண்டு கேள்விகள் கேட்டார். முதல் தீர்ப்பை எத்தனை நீதிபதிகள் வழங்கினர்? மூவர். அதனை ஐவர் மாற்றினர்; பெரிய அமர்வு சொன்னதைச் சிறிய அமர்வு மீற இயலாது. முதல் வழக்கின் நிகழ்ச்சி என்ன? அங்கே துப்புரவுப் பணி போன்றவற்றில் ஒப்பந்த முறையை மத்திய அரசு அறிவிக்கை மூலம் தடை செய்திருந்தது. நம் ஆலையின் அந்த வேலைக்கு அப்படி ஓர் அறிவிக்கை இல்லை. எனவே, 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பு உயிரோடு இருந்திருந்தாலும் அது நம் வழக்குக்குப் பொருந்தியிராது. முடிவை மட்டும் படித்தேன், நிகழ்ச்சியைப் படிக்கவில்லை. வரலாற்று விடைத்தாளில் ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தால் நான் எத்தனை மதிப்பெண் கொடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியும்.

ஆனால், கதை இவ்விடத்தில் முடியவில்லை. அம்மையார் 2001-ஆம் ஆண்டுத் தீர்ப்பை முழுவதும் படித்திருந்தார். அதில் ஒரு வாயில் திறந்திருந்தது. ஒப்பந்தம் என்பது வெறும் பெயருக்காக, உண்மையை மறைப்பதற்காக ஏற்படுத்தப்பட்டது என்று தொழில் தீர்ப்பாயத்தில் மெய்ப்பித்தால், தொழிலாளர்களை நிறுவனத்தின் ஊழியர்களாகவே கொள்ளலாம் என்று அத்தீர்ப்பே கூறியிருந்தது. நாளை வேலை இன்னதென்று சொன்னவர் யார்? விடுப்புக் கொடுத்தவர் யார்? வாயில் அனுமதிச் சீட்டில் யார் கையெழுத்து? இக்கேள்விகளுக்குச் சான்று வேண்டும். என் மாணவரும் தோழர்களும் வீட்டுப் பெட்டிகளைத் துழாவி, மங்கிப்போன சீட்டுகளையும் வருகைக் குறிப்புகளையும் சேர்த்தார்கள். ‘நான் நிரந்தரத் தொழிலாளி’ என்ற வெற்று நம்பிக்கை போயிற்று. மெய்ப்பிக்க வேண்டிய ஒரு வழக்கு கிடைத்தது.

இவ்வனுபவத்திலிருந்து நான் கற்றவற்றை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சட்டக் கல்லூரிக்குச் செல்பவர்களுக்கு மட்டுமன்று; வாடகைக்குக் குடியிருக்கப் போகிறவர்களுக்கும், வேலைக்குச் செல்லப் போகிறவர்களுக்கும் இவை பயன்படும்.

தேடத் தொடங்குமுன், உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். பிறகு அதற்குரிய சட்டத்தின் பெயரையும் பிரிவின் எண்ணையும் கண்டுபிடியுங்கள். ‘வேலை’ என்று தேடினால் கடலளவு கிடைக்கும். சட்டத்தின் பெயரோடும் பிரிவோடும் தேடினால் கிணற்றளவாகும்.

தீர்ப்பு கிடைத்ததும் மூன்றைப் பாருங்கள்: எந்த நீதிமன்றம், எத்தனை நீதிபதிகள், எந்தத் தேதி. நம் மாநிலத்துக் கீழ்நீதிமன்றங்களைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் முடிவு கட்டுப்படுத்தும். வேறு மாநில உயர் நீதிமன்றத்தின் முடிவு வழிகாட்டுமேயன்றிக் கட்டுப்படுத்தாது.

அடுத்து, தலைக்குறிப்போடு நின்றுவிடாதீர்கள். அது பதிப்பாசிரியரின் சுருக்கம். நீதிபதியின் சொல் அன்று. தீர்ப்பினுள்ளும் மூன்று குரல்கள் இருக்கும். வாதியின் வாதத்தை நீதிபதி எடுத்துரைப்பார். பிரதிவாதியின் வாதத்தை எடுத்துரைப்பார். இறுதியிலேதான் தம் முடிவைக் கூறுவார். இடையில் ஒரு பத்தியைக் கிள்ளியெடுத்தால், தோற்றவரின் வாதத்தையே தீர்ப்பு என்று கொண்டுவிடக் கூடும். முடிவிலும், எந்தக் காரணமில்லாமல் அம்முடிவு நிற்காதோ அந்தக் காரணமே பின்வருவோரைக் கட்டுப்படுத்தும். போகிற போக்கில் சொன்ன கருத்துக்கு அவ்வளவு வலிமை இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, தீர்ப்பு இன்றும் உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள். அத்தீர்ப்பைப் பின்னர் எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்துக் காட்டின என்பதைத் தளங்களிலேயே பார்க்கலாம். அவற்றுள் மிகப் பிந்தியதையும், மிகப் பெரிய அமர்வு வழங்கியதையும் முதலிற் படியுங்கள். தேடுபொறி சொல்லுக்குச் சொல் பொருந்துகிறதா என்று பார்த்து ஏட்டைக் கொண்டுவந்து தருகிறது. அந்த ஏடு செல்லுபடியாகுமா என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

தீர்ப்பை மற்றொரு தீர்ப்பு மட்டுமன்றி, சட்டமன்றமும் மாற்றலாம். நம் மாவட்டத்திலேயே இதற்குச் சான்று உண்டு. 1996 டிசம்பர் 11-ஆம் நாள், ஜெகந்நாதன் என்பவர் தொடுத்த வழக்கில், பழவேற்காட்டு ஏரியையும் ஒரிசாவின் சிலிக்கா ஏரியையும் சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைக் குளங்கள் அமைக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. பழவேற்காட்டு மீனவர்களின் வாழ்வைத் தொட்ட தீர்ப்பு அது. ஆனால், 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீருயிர் வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றிப் பண்ணைகளுக்கு வேறு ஒழுங்குமுறையை வகுத்தது. தீர்ப்பை மட்டும் படித்தவன் வரலாற்றிற் பாதியையே படித்தவனாவான். என் மாணவரின் வழக்குக்கு அடிப்படையான 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் இவ்வாறே ஆயிற்று. 2020-இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்து அதன் இடத்தைப் பெற்றது.

இன்னும் ஓர் எச்சரிக்கை. கேட்ட கேள்விக்கு உடனே விடை எழுதித் தரும் இயந்திரங்கள் இப்போது வந்துள்ளன. 2023-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்து வழக்கறிஞர்கள் சிலர், அத்தகைய இயந்திரம் தந்த முன்தீர்ப்புகளை அப்படியே நீதிமன்றத்தில் கொடுத்தனர். அத்தீர்ப்புகள் உலகில் எங்குமே வழங்கப்படாதவை! பெயரும் எண்ணும் இயந்திரத்தின் கற்பனை. நீதிபதி அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தார். நான் காட்டியது செல்லாத தீர்ப்பு. அவர்கள் காட்டியதோ பிறவாத தீர்ப்பு. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: மூல ஏட்டைத் திறந்து, முதலிலிருந்து முடிவுவரை நாமே படிப்பது.

என் மாணவரின் வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. வெற்றியோ தோல்வியோ, அதனை நான் முன்கூட்டிச் சொல்லத் துணியேன். ஒருமுறை துணிந்து பட்ட பாடு போதும். சென்ற பொங்கலுக்கு வந்திருந்தபோது, அன்று நான் அச்செடுத்துக் கொடுத்த தாள்களை அவர் திருப்பிக் கொடுத்தார். மழையில் நனைந்து காய்ந்த தாள்கள். முதற்பக்கத்தின் ஓரத்தில் பேனாவால் எழுதி வைத்தேன்: ‘இது இனிச் செல்லாது, 2001, ஏழாம் தொகுதி, முதற்பக்கம் காண்க.’ அன்றே நான் செய்திருக்க வேண்டிய வேலை அது.

மாணவர்களே! உங்களிடம் உதவி தேடி ஒருவர் திண்ணைக்கு வரும் நாள் வரும். அப்போது ஏட்டைக் கண்டதும் மகிழ்ந்துவிடாதீர்கள். அதன் ஓரத்தில் எழுத வேண்டியது ஏதேனும் உண்டா என்று முதலிற் பாருங்கள். அதன்பின் அவருக்கு விடை சொல்லுங்கள்.